நல்ல காய்ச்சல்

அண்ணனின் சட்டையைத் தங்கை நான்காவது முறையாக மடித்துக்கொண்டிருந்தபோது மருத்துவர் வெளியே வந்தார். முடிந்துவிட்டது என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. காலை மணி பதினொன்று.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். காலில் ஆணி குத்தி, கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. மருந்தில் கிருமிகள் செத்துவிட்டன என்றார் மருத்துவர். ஆனால் அவற்றின் செல்சுவர்த் துண்டுகள் ரத்தம் முழுக்க மிதக்க, வெள்ளணுக்கள் அடங்காமல் பொங்கி, கடைசியில் அண்ணனின் உடம்பையே பதம் பார்த்துவிட்டன. அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கைக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, அதுதான் கொடுமை.

அவளுக்குச் சோறு போடுவதே அந்தச் சுவர்தான். தடுப்பூசி ஆய்வகத்தில், செத்த பாக்டீரியாவின் செல்சுவரைப் பிரித்து, தடுப்பு மருந்தில் துளி கலந்து முயல்களுக்குப் போடுவாள். வெள்ளணுக்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும். எதிர்ப்பொருள் மளமளவென்று பெருகும். மறுநாள் முயலுக்கு உடம்பு சுட்டால் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். காய்ச்சலைக் கண்டு சந்தோஷப்படும் கூட்டம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை அண்ணன் போன் செய்தபோதும் அந்தப் பழக்கம்தான் பேசியது.

"காய்ச்சல் நல்லதுதாண்ணே. உடம்பு வேலை செய்யுது. ரெண்டு நாள் பாருங்க."

காயம் ஏதும் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. முயலுக்குப் போகும் அளவை அவள் தன் கையால் அளந்து கொடுப்பவள். அண்ணனுக்குள் எவ்வளவு போயிருந்தது என்று யார் கண்டார்கள்?

அண்ணி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுகை வரவில்லை, புலம்பல்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டும் அவர் அசையவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டாச்சுன்னு வாய் கூசாம பொய் சொன்னாரு. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும். நான்தான் அவரைச் சாக விட்டுட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அண்ணி ஆயுள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருப்பாள். அண்ணனும் பொய்யர் என்ற பேரோடு போய்ச் சேருவார். தங்கைக்குப் பயமாக இருந்தது.

"அண்ணன் பொய் சொல்லல அண்ணி. என்கிட்டதான் கேட்டாரு. நான்தான் ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்."

அண்ணி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

செவிலியர் வந்து, இரண்டு பேரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்.

"நான் மட்டும் வரேன்," என்றாள் அண்ணி.

கதவு மூடிக்கொண்டது. அண்ணியின் கைப்பை பக்கத்து நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.