கடைசி வாரத்து ஸ்ப்ரே

குவைத்திலிருந்து லீவில் வரும் என் வீட்டுக்காரர் ராஜ்குமார், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுத்தாலே நான் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒவ்வொரு லீவிலும் கடைசி வாரம் இதே கூத்துதான். வாசல் கேட்டு, பீரோ பூட்டு, மோட்டார் ஷெட் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றுக்கும் அடிப்பார். அடுத்த ரெண்டு வருஷம் நான் ஒண்டியாகத் திறந்து மூட வேண்டியவை அவை. அடித்து முடித்ததும் விமானம் ஏறிவிடுவார்.

இந்த முறை டப்பாவோடு வெண்ணாற்றங்கரைக்குக் கிளம்பினார். எங்கள் வயலை ஒட்டிய படுகையில் கூடாரம் போட்டு மீன் பிடிக்க வேண்டுமாம். வீடோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

"யாராச்சும் பாத்தா நான் ஒங்கள வெரட்டிட்டேன்னு நெனைப்பாங்க" என்றேன். கேட்கவில்லை. நானும் சோற்றுத் தூக்கோடு பின்னால் போனேன்.

போனதும் ஆரம்பித்துவிட்டார். கூடாரத்து ஜிப்பு சிக்கியது, அடித்தார். மடக்கு நாற்காலி முனகியது, அதற்கும் அடித்தார். தூண்டில் ரீல், முள், கத்தி ஒன்றும் தப்பவில்லை. கூடாரக் கயிற்றில் ஏறிய எறும்புக்கும் கிடைத்தது. கடைசியில் மண்புழுவிடம் வந்தார்.

"அது எதுக்குங்க?"

"வாடைக்கு மீனு ஓடி வரும்னு குவைத்து ரூம்ல சொன்னாங்க."

"அந்த மீன யாரு திங்கிறது? கொழம்புக்கு ஆகும்னா டப்பால எழுதியிருக்கு?"

அந்தப் புழுவை வீசிவிட்டு வேறு புழு மாட்டவைத்தேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று விழுங்கிக்கொண்டேன்.

கெண்டை ஒன்று தூண்டிலை இழுத்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. விரலெல்லாம் எண்ணெய். எத்தனை தேய்த்தும் திரை மசியவில்லை.

"நீ எடு மாலதி. ஸ்பீக்கர்ல போடு."

குவைத்தில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மன்னார்குடி தியாகேசன் பேசினார். "அண்ணே, ஒங்க கட்டிலுக்குப் புது ஆளு வந்துட்டான். ஒங்க சாமான் ஒரு பெட்டி கெடக்கு. யாராச்சும் ஊருக்கு வர்றப்ப குடுத்து விடுறேன்."

சரி என்று சொல்லிவிட்டு இவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் போய்விட்டது.

"வேலைய விட்டுட்டீங்களா?"

"வர்றதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ரூம்ல இருக்குறவனுக்கெல்லாம் தெரியும். கட்டுனவளுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"பயமா இருந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமலே. "ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டேதான அனுப்பி வெச்ச. நான் இல்லாமயே பழகிட்டியோ, இங்கயே இருந்துடுறேன்னு சொன்னா ஒன் மூஞ்சி சுருங்கிருமோன்னு..."

சந்தோஷம் நெஞ்சை அடைத்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. 

"அந்தச் சிரிப்பெல்லாம் ஒங்கள ஏத்திட்டுப் போற கார் தெரு திரும்புற வரைக்குந்தாங்க" என்றேன்.