பட்டாணி அளவுக் குழி

காலையிலிருந்து பார்த்த இரண்டு படங்களிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பல்லுக்காரருக்கு அதுதான் முதல் எரிச்சல். முதல் படத்தில் ஒருவன் ஜன்னலோரம் நின்று பதினோரு நிமிடம் வெளியே பார்த்தான். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தார், சரியாகப் பதினோரு நிமிடம். வெளியே என்ன இருக்கிறது என்று கடைசியிலாவது காட்டித் தொலைப்பார்கள் என்று காத்திருந்தால், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. இரண்டாவது படம் சலவை ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஒன்றரை மணி நேரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீராவியைப் பார்த்தாள், ஈரத் துணியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"வேலை செய்யறவங்கன்னா ஊமைன்னு இவனுங்களுக்கு யார் சார் சொன்னது?" வெளியே வந்ததும் தபால்காரரிடம் பிடித்துக்கொண்டார். "நாலு பேர் நின்னு வேலை பார்க்கிற எடத்துல ஒரு நாள் வந்து நிக்கச் சொல்லுங்க. காது புண்ணாயிடும். அது போகட்டும், அவ பல்லைப் பார்த்தீங்களா? பதினஞ்சு வருஷம் ஆலையில நின்னவளுக்கு முப்பத்திரண்டும் பளபளன்னு. அந்தப் பல்லை வெளுக்க வெச்ச நேரத்துல அவளுக்கு நாலு வசனம் எழுதியிருக்கலாம்."

தபால்காரர் சிரித்தார். பணி ஓய்வு பெற்றவர், எந்தப் படத்திலும் முதல் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவார். பல்லுக்காரர் சொல்லும் கருத்தை வைத்துத்தான் வீட்டில் போய்ப் படக்கதை சொல்வார். பன்னிரண்டு வருடங்களாக, நடுவில் பல்லுக்காரர் வராத நாலு வருடம் போக, இருவரும் இந்தத் திரைப்பட விழாவில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார்கள். ஆறு நாள் விழாவுக்காகப் பல்லுக்காரர் வருடம் முழுக்க விடுப்பைச் சேர்த்து வைப்பார். மற்ற நாட்களில் பல் மருத்துவர் ஒருவருடைய கிளினிக்கின் பின்னறையில், மெழுகும் பிளாஸ்டர் தூசியுமாக, பல் செட் செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். படத்துக்கு இரண்டு வரி, அதற்கு மேல் எழுத மாட்டார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்து நின்றால் இயக்குநர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள்.

மூன்றாவது படம் நாலு மணிக்கு. அது அவருடைய தங்கை எடுத்த முதல் படம்.

எதைப் பற்றி என்று அவள் சொல்லவில்லை. "நீ வந்து பாரு, அப்புறம் திட்டு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். நேற்று முழுவதும் தபால்காரரிடம் அதே பெருமைதான். நம்ம வீட்டுப் பிள்ளை, நம்ம வீட்டுப் பிள்ளை என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏனென்றால் விளக்கு அணைந்து ஐந்தாவது நிமிடத்தில் திரையில் வந்தது அவர் வீடு. வீடு வேறுதான், ஆனால் கட்டில் கிடந்த கோணம், ஜன்னலில் மடித்துப் போட்ட ஈரத் துண்டு, மருந்து அட்டைகளைப் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா எல்லாம் அவருடையது. படுக்கையில் ஒரு கிழவி. அவளைப் பார்த்துக்கொள்ளும் மகள். ஒரே மகள். படத்தில் அண்ணன் என்று ஒருவனே கிடையாது.

நாலு வருடம். அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து கண் மூடியது வரை, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தவர் அவர். பகலில் கிளினிக்குக்கும் வீட்டுக்குமாக ஓடினார். கூடி வந்த ஒரு சம்பந்தமும் அந்த ஓட்டத்தில் கைநழுவிப் போனது. தங்கை அப்போது வேறு ஊரில் இருந்தாள். நாலு வருடத்தில் மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் பெட்டியைப் பிரிக்காமலே கிளம்பினாள். ஆனால் தினமும் எட்டு மணிக்கு ஃபோன் செய்வாள். அவரும் அன்றைக்கு நடந்தது அத்தனையும் ஒப்பிப்பார். பேச வேறு யார் இருந்தார்கள்?

அந்தப் பேச்சு அத்தனையும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் போய்விடும் என்று அம்மா பயப்படுவாள். இரண்டு காதிலும் பஞ்சை வைத்துவிட்டு, "கதவைச் சாத்தியாச்சு, இனிமே விருந்தாளி யாரும் வர முடியாது" என்பார். அம்மா சிரிப்பாள். திரையில் மகள் பஞ்சை வைத்தாள், அதையே சொன்னாள், ஒரு எழுத்துப் பிசகவில்லை. கிழவி சிரித்தாள். அரங்கத்தில் ஐநூறு பேர் சிரித்தார்கள், தபால்காரர்கூடத் தூங்காமல் சிரித்தார். பல்லுக்காரருக்குக் காது மடல் சூடேறியது. தன் சட்டையை வேறொருத்தர் போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதைப் பார்ப்பது போல இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் படம் நன்றாக இருந்தது. வீண் ஜன்னல் இல்லை, ஊமைத்தனம் இல்லை, ஒரு காட்சிகூட நீளம் இல்லை. இந்த விழாவில் இதுவரை பார்த்ததில் இதுதான் படம். அது அவருக்குத் தெரிந்ததால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது. மட்டமாக எடுத்திருந்தால் இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

கிழவியாக நடித்த அம்மாள் நிஜமாகவே பல் இல்லாதவர். ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததுமே அவர் கண்டுகொண்டார். பாதிப் படத்தில், மகள் ஒரு கண்ணாடி டம்ளரிலிருந்து பல் செட்டை எடுத்து, கழுவி, கிழவியின் வாயில் வைக்கிறாள். கிழவி சிரிக்கிறாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்து ஏறியிருந்தது.

பல்லுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் செய்தது.

வரிசையாகப் பல்லை அடுக்கிக் காட்டியபோது அம்மா வாங்கவே மாட்டேன் என்றாள். "இது யாரோ ஒருத்தி. என் கோணப் பல்லை வெச்சுக் கொடு, இல்லைன்னா பொக்கையாவே இருந்துட்டுப் போறேன்." பழைய புகைப்படம் ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்து, மெழுகில் அந்த ஒரு பல்லை ஏழு தடவை எடுத்து எடுத்து வைத்தார். அதைவிடப் பெரிய வேலை, பல்லைத் தாங்கி மேல்வாயில் ஒட்டி உட்காரும் தகட்டின் உள்பக்கம். அம்மாவின் மேல்வாயில், நடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு எலும்பு மேடு. பிறவியிலேயே வந்தது. அங்கே தகடு உரசினால் புண்ணாகிவிடும். அதனால் அந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி விட்டுச் செய்தார். நாலு வருடமும் காலையிலும் மாலையிலும் செட்டைக் கழுவும்போது அவருடைய கட்டைவிரல் தானாக அந்தக் குழியில் போய் உட்காரும். அம்மாவின் வாயிலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சும் இப்போது இல்லை. அச்சை உடைத்துத்தான் செட்டை வெளியே எடுக்க முடியும், தொழில் அப்படி. ஆக, அம்மாவின் உடம்பில் ஒரு இடம் எப்படி இருந்தது என்று இந்த உலகத்தில் தொட்டுப் பார்க்க மிச்சமிருந்தது அந்தத் தகடு ஒன்றுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கை, "அம்மா ஞாபகமா இதை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். புடவை எடுத்துக்கொள், மோதிரம் எடுத்துக்கொள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இதுதான் வேண்டும் என்றாள். மனசே இல்லாமல்தான் கொடுத்தார். தண்ணீரிலேயே வை, காயவிடாதே என்று சொல்லிக் கொடுத்தார்.

இப்போது திரையில் கிழவி பேசினாள், பிஸ்கட்டைக் கடித்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். தகடு அசையவில்லை. ஒருவர் வாய்க்குச் செய்த தகடு இன்னொருவர் வாயில் நிற்காது, இரண்டு வார்த்தை பேசினால் மடியில் விழும். அப்படியானால் எப்படி நிற்கிறது? பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பசையாகத்தான் இருக்கும். மீதிப் படம் முழுவதும் அவர் கதையைப் பார்க்கவில்லை, அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பசையாக இருக்கட்டும் என்று சாமி கும்பிடாத குறைதான்.

கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடியது. கேமரா வாடகைக்குக் கொடுத்தவர், சாப்பாடு போட்டவர், படத்தில் ஒரே ஒரு காட்சியில் வந்த பூனையின் சொந்தக்காரர். இவர் இல்லை. பூனைக்காரர்கூட இருந்தார்.

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள். "அந்தச் சாஞ்ச பல்லு அற்புதமான விஷயம். எப்படி யோசிச்சீங்க?"

மேடையில் தங்கை மைக்கை மாற்றிப் பிடித்தாள். அரங்கத்தை ஒரு தடவை துழாவினாள். "அது... தானா அமைஞ்சது."

பல்லுக்காரர் எழுந்துவிட்டார். மைக் கைமாறிக் கைமாறி வந்தது. வழக்கமாக வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள், தொலைந்தாள் இயக்குநர் என்று.

"அந்தப் பல் செட் அந்த அம்மாவுக்கு எப்படி நின்னுச்சு?"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. தங்கை சிரிக்கவில்லை.

"அதெல்லாம் மேக்கப் ஆளுங்க பார்த்துக்கிட்டாங்க" என்றாள். "அடுத்த கேள்வி?"

வெளியே நடைவழியில் அவளைச் சுற்றி ஒரே கூட்டம். அவர் தூண் பக்கத்தில் நின்றார். தபால்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தார், பிறகு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார். கூட்டம் கரைந்ததும் தங்கையே வந்தாள்.

"பிடிச்சுதாண்ணா?"

"நல்லா இருக்கு." திட்டுவது போல வந்தது.

"அப்புறம் ஏன் இப்படிப் பார்க்கிற?"

"நான் எங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "எழுதும்போது நீ இருந்தே. அண்ணன்னுதான் எழுதினேன். ஆம்பளைப் பிள்ளை அம்மாவைக் குளிப்பாட்டுறதை யாரும் நம்ப மாட்டாங்கன்னு படிச்ச எல்லாருமே சொன்னாங்க. ரெண்டு வருஷம் அலைஞ்சேன். மாத்தினதும்தான் பணம் போட ஆள் கிடைச்சாங்க."

"நம்ப மாட்டாங்கன்னு என்னைத் தூக்கிட்டு நீ போய் உட்கார்ந்துக்கிட்டே. உன்னை நம்பிட்டாங்க, இல்ல?"

"நீ சொன்னதையெல்லாம் நான் எழுதி வெச்சேன். ஒரு நாள் விடாம எழுதி வெச்சேன். பக்கத்துல இல்லையேன்னு தினம் அழுதேன் தெரியுமா?"

"நீ அழுதே. நான் பீ அள்ளினேன். படத்துல அதையும் நீயே அள்ளிட்டே."

சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைப் பார்த்தும் அவருக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"செட்டைக் கொடு."

"கொடுக்கத்தான் கொண்டுவந்தேன்." கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டினாள்.

திறந்தார். காய்ந்த பஞ்சு. "தண்ணியில வைன்னு சொன்னேனே" என்று முணுமுணுத்துக்கொண்டே செட்டை எடுத்தார். சாய்ந்த பல் அப்படியே இருந்தது. ஒரு நொடி மூச்சு வந்தது. பிறகு திருப்பினார். கட்டைவிரல் தன் வழக்கப்படி நடுவுக்குப் போனது.

வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வைத்தார், மறுபடியும் வழுக்கியது. ஓரத்தில், அவருடைய ரோஸ் நிறத்துக்கு மேல் ஒரு மாற்றுக் குறைந்த ரோஸ் நிறம் மயிரிழை அளவுக்குத் தெரிந்தது. பசை இல்லை. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக ஊற்றி, அந்த நடிகையின் வாய்க்கு அச்சு எடுத்திருக்கிறார்கள். சுத்தமான வேலை. அவர் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

"என்னாச்சுண்ணா? உடைஞ்சிருக்கா? பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்."

அவளுடைய கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலைத் தகட்டின் நடுவில் வைத்து அழுத்தினார். வலித்திருக்க வேண்டும், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையே. வழவழன்னு இருக்கு."

"அம்மா மேல்வாயில ஒரு மேடு இருந்துச்சு. பட்டாணி அளவு. அதுக்கு அந்த எடத்துல ஒரு குழி விட்டிருந்தேன்." குரல் உடைந்தது, அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது. "எட்டு மணிக்கு ஃபோன்ல அது ஒண்ணை மட்டும்தான் உன்கிட்ட நான் சொல்லலை."

அடுத்த படத்துக்கு மணி அடித்தது. கூட்டம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு உள்ளே போனது. யாரோ அவளைப் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் நிமிரவில்லை. செட்டை அவரிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்த வழவழப்பின் மேல் மெதுவாக, ஒரு இடம் விடாமல், தேய்த்துத் தேய்த்துத் தேடிக்கொண்டிருந்தாள்.