நாலேகால் அடி

எங்கள் பயிற்சி மையத்தில் குழந்தைகள் கிடையாது. குழந்தைகளாக நடிக்கும் பெரியவர்கள்தான் உண்டு. புதிதாக வேலைக்கு வரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஸ்மார்ட் போர்டு, டேப்லெட், வருகைப் பதிவு ஆப் எல்லாவற்றையும் பதினான்கு நாளில் சொல்லிக்கொடுத்து அனுப்புவது என் வேலை. ஒருவர் எழுந்து பாடம் நடத்துவார். மற்றவர்கள் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகிவிடுவார்கள். தாடி வைத்த யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "மிஸ், ஒன்னுக்குப் போகணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆறு வருடமாக ஒவ்வொரு அணியிலும் யாரோ ஒருவர் இதே ஜோக்கை அடிக்கிறார். நானும் முதல் தடவை கேட்பதுபோல் சிரித்துவைக்கிறேன். என் சம்பளத்தில் பாதி அந்தச் சிரிப்புக்குத்தான்.

அதற்கு முன் பதினான்கு வருடம் நிஜமான ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். நாற்பது பிள்ளைகளின் நோட்டுக்குக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. இனிமேல் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் என்னை இங்கே மாற்றினார்கள். சொந்தக்காரர்கள் பதவி உயர்வு என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

இந்த அணியில் இருபத்தாறு பேர். அதில் ஒருத்திக்கு மற்றவர்கள் 'சார்ஜர்' என்று பேர் வைத்திருந்தார்கள். யாருக்கு எந்தப் போன் செத்தாலும் அவள் பையிலிருந்து அதற்கேற்ற வயர் வரும். பேச்சு கம்மி. சொல்லிக்கொடுப்பதை நான் முடிப்பதற்குள் செய்து முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் செய்து கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இது மூன்றாவது பயிற்சி. முதல் தடவை பாதியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஓடினாள். இரண்டாவது தடவை தேர்வு நாளன்று நெட் போனது. மூன்றுக்கு மேல் வாய்ப்பு கிடையாது என்பது விதி. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் மாதிரி வகுப்பில் தேறாவிட்டால் அவளுடைய நியமனம் ரத்தாகிவிடும். அப்பா படுத்த படுக்கை, தங்கை படித்துக்கொண்டிருக்கிறாள், வீட்டில் வேலை கிடைத்த ஒரே ஆள் இவள். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அவளுடைய கோப்பைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மாதிரி வகுப்பு என்பது அரைமணி நேரம். போர்டு விடாமல் இருபது நிமிடம் ஓட வேண்டும். ஐந்து பிள்ளைகள் தாங்களே வந்து திரையைத் தொட்டு எழுத்துகளை இழுத்துக் கட்டங்களில் போட வேண்டும். எத்தனை நிமிடம், எத்தனை தொடுதல் என்று போர்டே எண்ணித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். அதில் நான் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பள்ளிகளிலும் தினமும் இதே கணக்குதான். நாங்கள் பெரியவர்களை வைத்தே நடத்திக்கொண்டிருந்தோம். இந்த மாதம் பார்த்து மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாதிரி வகுப்பை இனி நிஜப் பிள்ளைகளை வைத்து நடத்த வேண்டுமாம். நல்ல உத்தரவுதான். எனக்குக்கூட உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாக இருந்தது. பிள்ளைகளின் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

பக்கத்துப் பள்ளியிலிருந்து இருபத்திரண்டு பேரை வரிசையாகக் கூட்டிவந்தார்கள். தேதி நெருக்கடி இருந்ததால் சார்ஜர்தான் முதல். எங்கள் மேலதிகாரி பின்னால் சக்கர நாற்காலியில், அதாவது உருளும் ஆபீஸ் நாற்காலியில், உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பதால் அவர் மையம் முழுவதற்கும் 'ஆகட்டும் சார்'.

சார்ஜர் நன்றாக ஆரம்பித்தாள். திரையில் ஓர் ஆலமரம் வந்தது. அதன் பெயரின் ஐந்து எழுத்துகளும் மேலே சிதறிக் கிடந்தன. கட்டங்கள் நடுவில் இருந்தன. "யாரு வந்து எழுத்த எடுத்துப் போடுறீங்க?" என்றாள். இருபத்திரண்டு கையும் எழுந்தது. முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டாள். குழந்தை போர்டின் முன் போய் நின்று கையை உயர்த்தியது. விரல் போர்டின் அடிச் சட்டத்தைத் தொட்டது. எம்பி நின்றது. அப்போதும் எழுத்துக்கு ஒரு முழம் பாக்கி இருந்தது.

"எட்டல மிஸ்" என்றது குழந்தை, வருத்தமே இல்லாமல்.

பிறகு குதித்தது. கை போய்ப் பட்ட இடம் திரையின் அடிப்பட்டை. அங்கேதான் 'வெளியேறு' பொத்தான் இருக்கிறது. மரம் மறைந்து பாடம் மூடிக்கொண்டது. சார்ஜர் மறுபடி திறந்தாள். அடுத்த பிள்ளை வந்து குதித்தான், மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். இதுதான் விளையாட்டு என்று மற்றவர்களுக்குப் புரிந்துபோனது. ஒவ்வொருவராக ஓடிவந்து குதிக்க ஆரம்பித்தார்கள். அவள் ஏற்றி நிறுத்த நாற்காலி தேடினாள். அறையில் இருந்ததெல்லாம் உருளும் நாற்காலி. பெஞ்சுகள் தரையோடு முடுக்கப்பட்டவை. "ஏத்தாதீங்கம்மா, புள்ள விழுந்துடப்போகுது" என்றார் ஆகட்டும் சார். பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. சார்ஜர் என்னைப் பார்த்தாள். பயிற்சியாளர் குறுக்கே பேசக் கூடாது என்பதும் கையேட்டில் இருக்கிறது. அன்று அந்த அறையில் சந்தோஷமாக இருந்தவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

அரைமணி நேரம் முடிந்ததும் திரையில் கணக்கு வந்தது. தொடர்ந்து ஓடிய நேரம் நான்கு நிமிடம். மாணவர் தொடுதல் பூஜ்யம்.

கையேட்டை எழுதியவள் நான். ஆறு வருடம் முன்பு முதல் போர்டை மாட்ட வந்த ஆள் துளைபோடும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த உயரம் மேடம்?" என்று கேட்டான். நான் சுவருக்கு எதிரே நின்று, குனியாமல் வசதியாகக் கையை நீட்டிப் பார்த்து, "இங்க வைப்பா" என்றேன். அவன் பென்சிலால் கோடு போட்டு டேப் வைத்து அளந்தான். தரையிலிருந்து அடிச் சட்டம் நாலேகால் அடி. என் இடுப்புக்கு ஏற்ற உயரம். அது அப்படியே கையேட்டின் பதினோராம் பக்கத்துக்குப் போனது. அங்கிருந்து முந்நூற்று நாற்பது பள்ளிச் சுவர்களுக்குப் போனது. பதினான்கு வருடம் ஒன்றாம் வகுப்பில் இருந்தவளுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. குட்டி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த தாடிக்காரர்கள் எல்லோருக்கும் கை எட்டியதே.

வீட்டுக்குப் போனதும் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்க மற்றவர்களின் எரிச்சலைக் கேட்டுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆறு வருஷமா ஒருத்தர்கூடவா புகார் குடுக்கல?" என்றார்.

"கருத்துப் படிவத்துல உயரத்தப் பத்திக் கேள்வி இல்ல."

"படிவத்த யாரு போட்டது?"

"நான்தான்."

அதற்குமேல் அவர் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். டீயை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தவறு ஆசிரியருடையது அல்ல, போர்டின் உயரத்துடையது, அந்த உயரத்தைச் சொன்னது நான், எல்லாப் பள்ளிகளிலும் அதை இறக்கி மாட்ட வேண்டும் என்று ஒரு பக்கம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதி முடித்தபோது வெகுநாளைக்குப் பிறகு முதுகு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஆகட்டும் சார் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கும் மனிதர், அவ்வளவுதான்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆகட்டும், அனுப்பிடலாம்" என்றார். "ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? இத அனுப்பினா விசாரணை வரும். அளக்கறதுக்கு ஒரு குழு போடுவாங்க. அது முடியறவரைக்கும் அந்தப் பொண்ணோட ரிசல்ட்ட நிறுத்தி வெச்சிடுவாங்க. எட்டு மாசமோ ஒரு வருஷமோ ஆகும். முப்பதாம் தேதி தாண்டிட்டா அவளோட ஆர்டர் செல்லாது. அப்புறம் போர்ட எறக்கினா அவளுக்கு என்ன, எறக்காட்டி அவளுக்கு என்ன?"

"வேற வழி என்ன சார்?"

"நாலு நிமிஷத்துல நெட் போச்சுன்னு எழுதிக்கலாம். போன தடவ மாதிரி இல்ல, இப்ப அதுக்கு மறு தேர்வு குடுக்கறாங்க. புள்ளைங்களுக்குப் பரீட்சை, வரமுடியலன்னு எழுதினா பழையபடி பெரியவங்கள வெச்சு நடத்தவும் அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமையே முடிச்சிடலாம்."

"இந்த லெட்டர் சார்?"

"அவ ஆர்டர் வாங்கினதும் அனுப்புங்களேன். நானா வேணாங்கறேன்?" என்றவர், சற்று நிறுத்தி, "ஆனா அப்பவும் விசாரணையில கேப்பாங்க, வெள்ளிக்கிழமை எப்படி அஞ்சு தொடுதல் வந்துச்சுன்னு. பொய்யான தேர்வுன்னு அவ வேலைக்கும் வேட்டு வெப்பாங்க. எதுக்கும் யோசிங்க" என்றார்.

அந்த அறையிலேயே யோசித்துவிட்டேன். யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதையில் சார்ஜர் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மறு தேர்வு என்றேன். "தேங்க்ஸ் மேடம்" என்றவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. தூங்கி நாலு நாள் ஆன முகம்.

வெள்ளிக்கிழமை பெஞ்சுகளில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். மற்றவர்களுக்கும் இதே அனுமதியில் பெரியவர்களை வைத்தே தேர்வு முடித்து, வெளிப் பள்ளிகளைப் பார்வையிட அனுப்பிவிட்டதால் நான்கு பேர்தான் கிடைத்தார்கள். ஐந்தாவது பிள்ளையாக நானே உட்கார்ந்தேன். யாரும் ஜோக் அடிக்கவில்லை. அதே மரம், அதே எழுத்துகள். தாடிக்காரர் வந்து இழுத்துப் போட்டார். அடுத்தவர் வந்து போட்டார். ஒவ்வொரு முறையும் போர்டு தானாகவே கைதட்டியது. நான்கு பேரும் முடித்தார்கள்.

"கடைசி பெஞ்சு பாப்பா, நீ வாம்மா" என்றாள் சார்ஜர்.

நாற்பத்தேழு வயதுப் பாப்பா எழுந்து போனேன். போர்டின் முன் நின்றபோது என்னை அறியாமல் முழங்கால் மடங்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்கு என்னை நானே இறக்கிப் பார்த்தேன். இடுப்பில் சுரீரென்றது. மரம் எங்கேயோ கூரைக்குப் பக்கத்தில் இருந்தது. தலைக்கு நேர்மேலே 'வெளியேறு' என்ற சிவப்புப் பொத்தான். ஆகட்டும் சார் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் பார்க்கிறார்கள், இங்கேயே இப்படியே நின்று எட்டவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது.

"மேடம்" என்றாள் சார்ஜர், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ப்ளீஸ் மேடம்."

நிமிர்ந்தேன். எழுத்தை எடுத்துக் கட்டத்தில் போட்டேன். கை தாராளமாக எட்டியது. போர்டு கைதட்டியது. ஓடிய நேரம் இருபத்தாறு நிமிடம், மாணவர் தொடுதல் ஐந்து. ஆகட்டும் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லிப் போய்விட்டார்.

சான்றிதழில் என் கையெழுத்தும் வேண்டும். என் மேஜைக்கு எதிரே சார்ஜர் நின்றாள். திங்கட்கிழமை எந்தப் பள்ளி என்று கேட்டேன். ஒன்றாம் வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள் என்றாள். பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

"அங்கயும் அதே உயரத்துலதான் இருக்கும்மா. என்ன பண்ணப்போற?"

"அத நான் கேட்டுட்டேன் மேடம். அந்த ஸ்கூல்ல ஒரு அக்கா இருக்காங்க, உங்ககிட்ட மொத அணியில படிச்சவங்களாம். காலையில போனதும் பாட்டு வீடியோ ஒண்ணு போட்டு விட்டுருவாங்களாம். அது பாட்டுக்கு ஓடுமாம், நிமிஷம் ஏறிடுமாம். அஞ்சு தொடுதலையும் டீச்சரே தொட்டுருவாங்களாம். அப்புறம் சாக்பீஸ்தான். எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தானாம் மேடம், மொத வருஷத்துலேர்ந்தே."

முந்நூற்று நாற்பது பள்ளிகளின் நிமிடக் கணக்கை வருடா வருடம் கூட்டத்தில் படித்துக் கைதட்டு வாங்கியவள் நான். அவமானமாக இருந்தது. கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதற்கும் தெம்பு இல்லை.

"எங்கிட்ட ஏம்மா யாருமே சொல்லல?"

"நீங்க நல்லா சொல்லிக்குடுத்தீங்களாம். மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டாங்களாம்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு மருந்து கொடுக்கும் நேரமாக இருக்கலாம். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் ஓடினாப் போதும்ல மேடம்?"

"போதும்மா" என்றேன்.