சத்தம் போடாத பெட்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. 2008ஆம் ஆண்டு, மாத்தளையிலிருந்து கலேவெலவுக்குப் போகிற பஸ். முன் சீட்டில் ஒரு டீச்சர், மடியில் பிஸ்கட் அட்டைப்பெட்டி. அதிலிருந்து சிவப்பு வயர் ஒன்று எட்டிப் பார்த்தது. இலங்கையில் யுத்த காலம், பஸ்ஸில் வயரைக் கண்டால் குண்டு என்றுதான் தோன்றும்; நான் எழும்பிப் பின் சீட்டுக்குப் போனேன். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. அவர் இறங்கிப் போனார். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவருக்குச் சவரியம்மா என்று பெயர் வைக்கிறேன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். (முதலில் "மெலிந்த உருவம், சோகம் ததும்பும்" என்று தொடங்கி அடித்துவிட்டேன். எதற்குச் சோகம்? மனுஷி வாய் ஓயாமல் சிரிப்பவர்.)

பெட்டி, பிள்ளைகளுக்காக அவர் செய்த விளையாட்டு. இடப்பக்கம் மிருகங்கள், வலப்பக்கம் அவற்றின் சாப்பாடு: மயிலுக்குப் பாம்பு, அணிலுக்குக் கொய்யாப்பழம், இப்படி. ஒவ்வொரு மிருகத்திலிருந்தும் ஒரு வயர் தொங்கும். அதன் முனையால் சரியான சாப்பாட்டைத் தொட்டால் டோர்ச் பல்ப் எரியும். பிழை என்றால் பழைய கோலிங் பெல் கிர்ரென்று கத்தும். அது கத்திய கத்தில் நாலாம் வகுப்புக் கிருஷ்ணம்மா மேசைக்கடியில் புகுந்துவிட்டாள்.

டீச்சர் அன்றைக்கே பெல்லைக் கழற்றி வீசினார். "பிழைன்னா பெட்டி பேசாம இருக்கும். பயப்படாம தொடு கண்ணு, திரும்பத் தொடலாம்."

அவள் தொட்டாள். பிறகு பெட்டியை விட்டு நகரவே இல்லை. கலேவெலவில் நடக்கவிருந்த பள்ளிக்கூடக் கண்காட்சியில் அதை விளக்கப் போவது அவள்தான் என்று முடிவாயிற்று.

கண்காட்சிக்கு முதல் நாள் டீச்சரின் புருஷன் ஹெர்பர்ட் எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி, இது என்னா, கீரியா?"

"அணிலுங்க! கண்ணு தெரியலயா?"

"முதுகுல கோட்ட காணோமே?"

டீச்சர் அவசரத்தில் போட மறந்திருந்தார். "பிள்ளைங்களுக்குப் புரியும், நீங்க சும்மா இருங்க," என்று பெட்டியை மூடிவிட்டார்.

3

பிள்ளைகள் வேனில் முந்திப் போய்விட்டார்கள். டீச்சர் பெட்டியோடு பஸ்ஸில். வழியில் செக்பொயிண்ட், எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். பெட்டியைத் திறந்த ஆமிக்காரருக்கு இருபது வயதிருக்கும். வயரையும் பெட்டரியையும் கண்டதும் பின்னால் பாய்ந்து, சுடப்போகிறவர் மாதிரித் துவக்கை நீட்டினார்.

டீச்சர் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னார்: பள்ளிக்கூடத்து விளையாட்டு, விடை சரியென்றால் பல்ப் எரியும். மனசெல்லாம் கிருஷ்ணம்மா. தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பிள்ளை வெறும் மேசைக்குப் பின்னால் நிற்குமே!

"எரிய வச்சுக் காட்டு."

அவசரத்தில் கையில் அகப்பட்டது அணிலின் வயர். (தவளை அகப்பட்டிருந்தால் கதையே இல்லை. மன்னிக்கவும்.) ஆமிக்காரர் தூரத்திலிருந்து கத்தினார்: "அது கீரி! பாம்பத் தொடு!"

பிழையான விடையைத் துவக்கு சொல்கிறது. கொய்யாப்பழத்தைத் தொட்டால் சொன்ன பேச்சைக் கேட்காத குற்றம். பாம்பைத் தொட்டால் பல்ப் எரியாது, டீச்சர் பொய்க்காரியாவார்.

பாம்பைத் தொட்டார்.

4

முதல் பிரதியில் பெல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அது கிர்ரென்று கத்த, ஆமிக்காரரின் விரல்

இல்லை. எழுத மாட்டேன். கிருஷ்ணம்மா, நீ நல்லா இருக்கணும்.

5

பல்ப் எரியவில்லை. சத்தமும் இல்லை. அப்போதுதான் டீச்சர் ஆமிக்காரரின் முகத்தைப் பார்த்தார். உதடு காய்ந்து போயிருந்தது. மேசைக்கடியில் புகப் போகிற பிள்ளையின் முகம் அது. டீச்சருக்கும் பயம்தான், ஆனாலும் வாய் பழக்கதோஷத்தில் பேசிவிட்டது.

"அது அணில், மகன். நான்தான் கோடு போட மறந்துட்டேன்." வயர் முனையை அவர் பக்கம் நீட்டினார். "பயப்படாம தொடுங்க. பிழைன்னா பெட்டி பேசாம இருக்கும்."

துவக்கு கொஞ்சம் தாழ்ந்தது.

6

பல்ப் எரிந்து எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுதினேன். அந்த வருஷம் செக்பொயிண்டில் யாரப்பா கைதட்டினார்கள்? ஆமிக்காரர் பூட்ஸ் காலால் பெட்டியை உதைத்தார் என்றும் எழுதினேன். அந்தப் பையன்மேல் அதைச் சுமத்த மனம் வரவில்லை. வந்த பாதை முழுக்கக் குண்டும் குழியும், பல்ப் கழன்றிருந்தால் சரியான விடைக்கும் எரியாது; அவர் தொட்டாரா, எரிந்ததா, எனக்குத் தெரியாது.

கலேவெலவில் கிருஷ்ணம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வயர் முனை இப்போது உங்கள் பக்கம் நீண்டிருக்கிறது. கொய்யாப்பழம் வலப்பக்கம், கடைசிப் படம். பயப்படாமல் தொடுங்கள்.