கத்தி இருந்த கை

மனோஜ்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கத்தியைச் செய்தவன் அவன். அதன் பூட்டை அரத்தால் ராவிப் பொருத்தியவனும் அவன்தான். அந்தக் கத்தி அவன் மனைவியின் விரல்களையே வெட்டியிருக்கிறது.

பிரவீனா பீளமேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் சிங்காநல்லூரில் பஸ் இறங்கி, மில் சுவரை ஒட்டி நடந்து வீட்டுக்கு வரவேண்டும். அந்தச் சுவரோரம் பைக்கில் வந்து பையைப் பிடுங்குகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. "பயமா இருக்குதுங்க" என்று அவள் சொன்னாள். பட்டறைக்காரனிடம் பயத்தைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? இரும்பைத்தான் எடுப்பான். பம்பு உதிரி கடைகிற பட்டறையில், ஓய்ந்த நேரமெல்லாம் உட்கார்ந்து ஒரு மடக்குக் கத்தி செய்துவிட்டான்.

கத்தி என்றால் லேசுப்பட்ட கத்தி இல்லை. எம்சீல் பசையைப் பிசைந்து அவள் வலக்கையில் கொடுத்து அழுத்தச் சொல்லி, விரல் பதிந்த பள்ளங்களை அப்படியே பிடியில் கொண்டுவந்தான். வியர்த்த கை முன்னால் சறுக்கி அலகில் ஏறிவிடாமல் ஒரு தடுப்பும் வைத்தான். விரித்த அலகுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு முட்டுக் கொடுத்து நிற்கும்; அதுதான் பூட்டு. அதைக் கட்டைவிரலால் ஓரம் தள்ளினால்தான் கத்தி மடங்கும். கத்தியை ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்ததும் உண்டு.

போன வாரம் நிஜமாகவே ஒரு பைக் வந்தது. பின்னால் இருந்தவன் பையைப் பற்றி இழுத்தான். பிரவீனா கத்தியை விரித்துக் கூச்சல் போட்டதும் அவன் பையை விட்டுவிட்டுப் பறந்துவிட்டான். பை தப்பியது. கத்தி மட்டும் அவள் கைக்குள்ளேயே மடங்கிக்கொண்டது. இடக்கையில் இரண்டு விரல்களுக்குத் தையல்.

மறுநாள் பட்டறையில் கத்தியை வைஸில் இறுக்கி, அலகின் முதுகில் மரச்சுத்தியால் போடு போடென்று போட்டான். அசையவில்லை. கூட்டாளி திருமூர்த்தியும் தன் பங்குக்கு அடித்துப் பார்த்தான்.

"மாப்ள, பூட்டு கல்லாட்ட நிக்குது. தங்கச்சி முழுசா விரிச்சிருக்காது."

அதைக் கேட்டதும் மனோஜுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. கத்தி மேல் குற்றமில்லை என்றால் அவன் மேலும் இல்லையே. மனைவிக்குத் தையல் போட்டிருக்கும்போது இப்படி ஒரு நிம்மதி! ஆனாலும் ஒரு விஷயம் உறுத்தியது. அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டான்.

"எந்தக் கையில புடிச்சே?"

"சோத்துக்கையிலதானுங்க. நீங்க சொல்லிக் குடுத்தாப்பலயே."

"அப்பறம் இந்தக் கையில எப்படி வெட்டுப் பட்டுச்சு?"

"அதுதானுங்க எனக்கும் தெரியல."

கூரில்லாத ஒரு மாதிரியைச் செய்துவந்து அவளைப் பிடிக்கச் சொன்னான். வலக்கையில் எடுத்தாள், அழகாக விரித்தாள், பூட்டு விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தாலும் அதேதான். "மடக்கும்போது வெட்டிக்கிட்டுச் சொல்ல மாட்டேங்கறயா?" என்று கடுப்பில் கேட்டுவிட்டான். அவள் அழுதாள். "நெசமாலுமே தெரியலீங்க" என்றாள். பொய் சொல்கிற முகமாகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா குழந்தையம்மாள் சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழம் கேட்டார். அதன் வாசற்படியில் நின்ற பிரவீனாவிடம் மனோஜ், "அம்மணி, புடி" என்று ஒரு பழத்தை வீசினான். கட்டுப் போட்ட இடக்கையால் பிடித்துவிட்டு, "ஸ்ஸ்" என்று வலியில் துள்ளினாள்.

நல்ல கை சும்மா தொங்கிக்கொண்டிருக்க, அடிபட்ட கை ஏன் முந்தியது? சொல்லாமல் ஒரு தக்காளியை எறிந்தான். இடக்கை. ஒரு கத்தரிக்காய். இடக்கை.

"ஏண்டா, காயெல்லாம் ஊட்டுக்குள்ள வீசறே? கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார் குழந்தையம்மாள்.

அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "நீ நொட்டாங்கையா?"

பிரவீனாவின் முகம் திருடி மாட்டிக்கொண்டவள் முகமாக வெளுத்தது.

"சின்னதுலங்க. அந்தக் கையில எழுதுனா எங்கம்மா ஸ்கேல்ல அடிப்பாங்க. சாப்பாட்டுக்கு அந்தக் கை போகக் கூடாதுன்னு வேப்பெண்ணெய் தடவி உட்ருவாங்க. போற ஊட்ல மானம் போயிரும்னு. அப்பறம் மாறிருச்சுங்க. எனக்கே மறந்துபோச்சு, சத்தியமா."

மனோஜ் அந்த மாதிரிக் கத்தியைத் தன் இடக்கையில் எடுத்து, பயந்தவன் பிடிப்பதுபோல இறுக்கினான். விரல்கள் பள்ளத்தில் உட்காரவில்லை. ஆள்காட்டி விரலின் சதை தகட்டை ஓரமாக இழுத்தது. கல்லாட்டம் நின்ற பூட்டு சத்தமில்லாமல் நழுவி, கூரில்லாத அலகு அவன் விரல்மேல் விழுந்தது.

வெட்கமாக இருந்தது அவனுக்கு. கல்யாணத்தில் அவன் பிடித்தது அவளுடைய வலக்கையை. அளவெடுத்ததும் அந்தக் கையைத்தான். ஆபத்தில் அவளைக் காப்பாற்ற வந்த கை எது என்று மூன்று வருடமாக அவன் பார்த்ததே இல்லை.

"சரி, இப்ப எந்தக் கைக்குச் செய்யறது?"

"தெரியலீங்களே. யோசிச்சா இது வருது. பயந்தா அது வருது."

அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு கைக்கும் ஒத்துவருகிற பூட்டாக, அலகின் முதுகுப் பக்கம் வைத்தால் நிற்குமோ என்று நினைத்தான். எதற்கும் அளவு வேண்டுமே.

"கையை நீட்டு."

அவள் வலக்கையை நீட்டினாள்.

"அந்தக் கை இல்ல அம்மணி."

பிரவீனா சமையலறைப் பக்கம் பார்த்தாள். குழந்தையம்மாள் கண்ணில் படாதபடி கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் இடக்கையை நீட்டினாள்.