எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து எழுதிய மூன்று தொடக்கங்களைக் கிழித்துப் போட்டாயிற்று. முதலாவது இப்படி: "அப்பாவின் மூச்சு அடங்கியபோது அக்கா இரண்டு துகள்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்." நல்ல வரிதான். அந்த ஒரே வரியில் நீங்கள் அக்காவை வெறுத்துவிடுவீர்கள். அதற்காகத்தான் எழுதினேன்.

ஆகவே திரும்பவும், இந்த முறை அவள் பக்கம் நின்று.

2

அக்காவின் வேலை இது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், அதன்மேல் எண்ணெய். இரண்டும் சந்திக்கும் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத* பிளாஸ்டிக் மணிகள் மிதக்கும். நுண்ணோக்கி வழியே பார்த்தபடி, லேசர் ஒளியால் இரண்டை மட்டும் பிடித்து மெல்லப் பக்கத்தில் கொண்டுவருவாள். மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். எவ்வளவு தள்ளுகின்றன என்று அளக்க வேண்டும். ஆனால் தள்ள வேண்டிய தூரத்திலேயே சில சமயம் இரண்டும் இழுத்துக்கொள்வதுபோல அவளுக்குப் பட்டது. தூசியாக இருக்கும் என்றார்கள். நாலு வருஷம் அதன் பின்னாலேயே அலைந்தாள்.

* தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்கு.

(இங்கே எங்கள் குடும்பத்தை அந்த மணிகளோடு ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. "மனுஷங்களைப் பத்தி எழுதணும்னா மனுஷங்களைப் பத்தி எழுதுடா. அதுங்க பாவம், வெறும் பிளாஸ்டிக்" என்று அக்கா எப்போதோ சொன்னாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.)

யாராவது கதவை அறைந்து சாத்தினால் போதும், பரப்பு நடுங்கிவிடும். காலையிலிருந்து எடுத்த அளவெல்லாம் வீண். போனை வெளியே அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அப்பா நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் இருந்தார். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை அக்கா அவருக்கு முகம் மழித்துவிட்டாள்.

"போய்ட்டு வாம்மா. இன்னிக்காவது அதுங்க உன் பேச்சைக் கேக்குதான்னு பாரு."

"சாயங்காலம் வந்து சொல்றேம்ப்பா."

வெளியே வந்ததும் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். "ஏதாவதுன்னா என் போனுக்கு அடிக்காதே. இது லேப் ஆபீஸ் நம்பர். உள்ளே வந்து கூப்பிடுவாங்க. அளவு கெட்டாலும் பரவாயில்ல."

3

[முந்தைய பிரதிகளில் இந்தப் பகுதி கிடையாது.]

மூன்று மணிக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

"அக்கா எங்கடா?"

"வந்துட்டிருக்காப்பா" என்றேன்.

தாழ்வாரத்துக்கு வந்து அக்காவின் போனுக்கு அடித்தேன். பதற்றத்தில் அந்தச் சீட்டை மறந்துபோய்—

இல்லை. மறக்கவில்லை. சட்டைப்பையில் அது விரலில் பட்டது. ஆறு நாளாக நாற்காலியில் தூங்கியவன் நான். அப்பா கேட்டதோ அவளை. எடுக்க மாட்டாள் என்று தெரிந்தே மூன்று முறை அடித்தேன். 'எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா' என்று பிறகு கேட்பதற்கு எனக்கு அது தேவைப்பட்டது. அப்பா போய்விடுவார் என்று நினைக்கவில்லை. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான்.

லேப் பத்து நிமிடத் தூரம். நாலு பத்துக்கு அப்பா போனார்.

ஐந்தரைக்கு அக்கா படியேறி ஓடி வந்தாள். போனைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. "இழுக்குதுடா! தூசி இல்ல, நிஜமாவே இழுக்குது!" பிறகு காலிக் கட்டிலைப் பார்த்தாள். "அப்பாவை எந்த ரூமுக்கு மாத்தினாங்க?"

"மூணு தடவை கூப்பிட்டேன்" என்றேன்.

போனை எடுத்துப் பார்த்தாள். "ஆபீஸுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என் தலையைத் தடவி, "பயந்துபோயிருப்பே" என்றாள்.

4

அவள் கண்டது சரிதான். மீதி அளவுகளை மாணவர்கள் எடுத்தார்கள். அவள் அந்த அறைக்குள் பிறகு போகவேயில்லை. வகுப்பு மட்டும் எடுக்கிறாள். கட்டுரை போன மாதம் வெளிவந்தது. அதன் கடைசியில், கருவிகளுக்கும் உதவித்தொகைக்கும் நன்றி சொன்ன பிறகு ஒரு வரி: 'கடைசி நேரத்தில் என் அப்பாவோடு இருந்த தம்பிக்கு.'

அந்த வரிக்குப் பிறகுதான் மூன்றாம் பகுதியை எழுதினேன்.

முடிவு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா என்னை அறைகிறாள். இன்னொன்றில் "எனக்கு அன்னிக்கே தெரியும்டா" என்கிறாள். இரண்டுமே எனக்கு வசதியானவை. எடுத்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் தாள்களை அவளிடமே கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தாள். 'மிதக்கும்' என்பதை அடித்து, 'சிக்கி நிற்கும்' என்று எழுதினாள். முகம் மழித்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தாள். மூன்றாம் பகுதியில் பென்சில் நின்றது. பக்கத்தின் அடிவரை போய், மறுபடி மேலிருந்து படித்தாள்.

இதற்கு மேல் நடந்ததை எழுதப்போவதில்லை. அவளுக்காக நான் பேசியது போதும். அவள் தலை நிமிரட்டும். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்ன சொல்வாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சாதகமாக மட்டும் வேண்டாம்.