நால்வர் கட்டிய கறுப்பு ரிப்பன்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: சடையாண்டி, அவர் மனைவி ராமுத்தாய், விடியலில்தான் விமானம் இறங்கி வந்திருந்த மகள் பவித்ரா, மாவட்டத் தடகளச் சங்கச் செயலாளர் ராயப்பராஜ்.

பவித்ரா வெளிநாட்டில் நடந்த ஆசியப் போட்டியில், தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியவள். பதக்க மேடையில் அவளும் கூட ஓடிய மூன்று பெண்களும் மணிக்கட்டில் கறுப்பு ரிப்பன் கட்டி நின்றார்கள். பயிற்சியாளர் மேல் புகார் சொன்னதற்காக அணியிலிருந்து நீக்கப்பட்ட தோழிக்காக அது. மேடையில் அரசியல் கூடாது என்று டெல்லியிலுள்ள தலைமைச் சங்கம் நால்வருக்கும் தடை போட்டுவிட்டது.

ராயப்பராஜ் லட்டுப் பெட்டியை நீட்டினார். "ஒனக்கு மட்டும் தடைய எடுத்துட்டாங்கம்மா. அதான் மன்னிப்புக் கேட்டுட்டேல்ல."

"நானா? எப்ப சார் கேட்டேன்?"

ராயப்பராஜ் சடையாண்டியைப் பார்த்தார். சடையாண்டி சுவரைப் பார்த்தார்.

ஊர் வழக்கப்படி அவர் செய்தது சரிதான். சாணார்பட்டிப் பக்கம் பிள்ளை தப்புச் செய்தால், தகப்பன் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் விழுந்து கும்பிடுவான். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்; பிள்ளையை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். டெல்லியிலிருந்து போன் வந்தபோதும் அதே நினைப்பில்தான், "மகளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கூட ஓடுற பிள்ளைக சொல்லித்தான் கட்டிட்டா" என்றும் சொல்லிவைத்தார். அதைச் சங்கம் பவித்ராவே சொன்னதாகச் செய்தியாக்கிவிட்டது.

"ரிப்பன வாங்கி வெட்டிக் குடுத்ததே நாந்தேன்ப்பா," என்றாள் பவித்ரா. "பிளேன்ல அவளுக மூணு பேரும் எங்கூட ஒரு வார்த்த பேசல. ஏன்னு இப்பத்தேன் தெரியுது."

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அதப் பத்தி நீங்க பேசாதீங்க," என்றாள் ராமுத்தாய். "அடுத்த வீட்டுப் பிள்ளைகளக் காட்டிக் குடுத்துட்டு லட்டு திங்கச் சொல்றீகளா?"

வாய்க்கால் தகராறில்கூடப் பழியை அடுத்தவன் தலையில் போட்டவரல்ல என்பதுதான் சடையாண்டியின் பெருமை. தலை நிமிர்த்திப் பழகிய கழுத்து அன்று தானாகக் குனிந்தது.

"சார், அந்த டெல்லிக்காரருக்குப் போன் போடுங்க. நான் பொய் சொன்னேன்னு சொல்லிர்றேன்."

"அண்ணே, போட்டா இவ தடை திரும்ப வந்துரும். அடுத்த போட்டிக்கு ஆள் எடுக்குற தேர்வுல ஓட முடியாது."

சடையாண்டி மகளைப் பார்த்தார்.

"போடுங்க சார்," என்றாள் பவித்ரா.

தடை திரும்பி வந்தது. மற்ற மூவரின் தடையும் நீங்கவில்லை. அவர்களில் ஒருத்தி மட்டும் இப்போது போனை எடுக்கிறாள். சடையாண்டி தெருவில் முன்போலவே நிமிர்ந்து நடக்கிறார். மகள் சாப்பிட உட்காரும் நேரத்தில் மட்டும் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

முழங்காலில் அடிபட்டதால்தான் பவித்ரா தேர்வுக்குப் போகவில்லை என்று அவர் சொல்லிவைத்தது, டவுனில் நாகல் நகர் வரை பேச்சு. அவள் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.